அமெரிக்கா போக விரும்பும் துப்பாக்கிகளுக்கு ஒரு விசா கையேடு

மதிப்பிற்குரிய துப்பாக்கி அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் ருமேனியாவில் பிறந்திருக்கலாம், ஆஸ்திரியாவில் பிறந்திருக்கலாம், பிறந்த நாடே இன்று வரைபடத்தில் இல்லாதவராகவும் இருக்கலாம். எண்ணெய் தடவி, தாளில் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் படுத்தபடியே அமெரிக்கக் கனவு காண்கிறீர்கள். அங்கே நம் இனத்துக்கு இருக்கும் மரியாதையே தனி, படுக்கையறை மேசையில் இடம் தருகிறார்கள், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்குக் குடும்பத்தோடு நிற்கவைத்துப் படம் எடுக்கிறார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அத்தனையும் உண்மை. ஜெனீவாவின் ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் சுமார் 39 கோடியே 30 லட்சம். அந்நாட்டு மக்கள்தொகையைவிட அதிகம்.

இத்தனை பேர் இருக்கிற இடத்தில் இன்னொருவருக்கு இடம் இருக்காதா என்று கிளம்பிவிடாதீர்கள். அங்கேயே பிறந்த துப்பாக்கிக்கு ஒரு சட்டம், வந்தேறித் துப்பாக்கிக்கு வேறு சட்டம். உங்களை விசாரிக்கப்போவது மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகிய நான்கையும் ஒரே கூரையின்கீழ் பார்த்துக்கொள்ளும் ஏ.டி.எஃப். என்ற அலுவலகம். இதுவரை யாரைச் சுட்டீர்கள், இனி யாரைச் சுடுவதாக உத்தேசம் என்று அங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். எந்த ஊர், என்ன வயது, எவ்வளவு உயரம், எத்தனை எடை, என்ன உடுத்தியிருக்கிறீர்கள், இதுதான் கேள்வி. மனிதர்களை விசா நேர்காணலுக்குத் தயார்செய்யும் ஏஜெண்டுகள் சொல்லும் முதல் பாடம் உங்களுக்கும் பொருந்தும்: கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கேட்காததை நீங்களாக எடுத்துக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. விண்ணப்பத்தை நீங்கள் போட முடியாது. உரிமம் பெற்ற ஓர் அமெரிக்க இறக்குமதியாளர் உங்களுக்கு ஸ்பான்சராக நின்று ‘படிவம் 6’ஐ நிரப்ப வேண்டும். அனுமதி கிடைத்தால் இரண்டு ஆண்டு செல்லும். உள்ளே போனதும் ஸ்பான்சரின் பெயரையும் ஊரையும், நீங்கள் பிறந்த நாட்டையும் உங்கள் உடம்பிலேயே பொறித்துவிடுவார்கள். வலிக்கத்தான் செய்யும். அழகும் போய்விடும். பழம்பொருள் சேகரிப்பவர்கள் அந்தப் பொறிப்பைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப வரலாறு

நேர்காணலுக்குப் போகும்முன் நம்மவர்கள்மீது அங்கே ஏன் இவ்வளவு சந்தேகம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பியப் படைகள் கழித்துக்கட்டிய ரைஃபிள்கள் கப்பல் கப்பலாக அமெரிக்காவில் வந்திறங்கின. அடிமாட்டு விலை. மான் வேட்டைக்குப் போகிறவர் உள்ளூர்ப் புதுத் துப்பாக்கிக்குக் கொடுக்கும் காசில் இத்தாலியப் பழசு ஒன்றும், அதற்கு வேண்டிய தோட்டாவும், மீதிக் காசுக்கு ஒரு வாரச் சாப்பாடும் வாங்கிக்கொள்ளலாம். உள்ளூர் ஆலைகள் கண்ணைக் கசக்கின. கோல்ட், வின்செஸ்டர், ஸ்மித் அண்டு வெஸன் எல்லாமே அன்று கனெக்டிகட், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் இருந்தவை. 1958இல் அயல்நாட்டுப் போர்க்கழிவுத் துப்பாக்கிகளைத் தடுக்க செனட்டில் ஒரு மசோதா வந்தது. கொண்டுவந்தவர் மாசசூசெட்ஸ் செனட்டர் ஜான் எஃப். கென்னடி. மசோதா அப்படியே நிறைவேறவில்லை. அமெரிக்கா மற்ற நாடுகளுக்கு உதவியாகக் கொடுத்த துப்பாக்கிகள் திரும்பி வருவதை மட்டும் தடுத்தார்கள். இத்தாலியர்கள் தொடர்ந்து வந்தார்கள்.

ஐந்து ஆண்டு கழித்து டல்லாஸில் கென்னடியைக் கொன்றது, 1940இல் இத்தாலியின் டெர்னி ஆலையில் பிறந்த ஒரு கார்கானோ. சிகாகோ கடை ஒன்றிலிருந்து, தொலைநோக்கிக் கண்ணாடியோடு, தபால் செலவும் சேர்த்து 21 டாலர் 45 சென்டுக்கு லீ ஹார்வி ஆஸ்வால்ட் பொய்ப்பெயரில் தருவித்தது.

அன்று ஆரம்பித்தது நமக்குச் சனி. ஆனாலும் கதவு உடனே சாத்தப்படவில்லை. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூனில் ராபர்ட் கென்னடியும் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகுதான், அந்த அக்டோபரில் ஜனாதிபதி ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கிங்கைக் கொன்றது ரெமிங்டன். ராபர்ட் கென்னடியைக் கொன்றது ஐவர் ஜான்சன் கம்பெனியின் ரிவால்வர். அந்தக் கம்பெனி இருந்ததோ கென்னடி குடும்பத்தின் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸில். இரண்டுமே மண்ணின் மைந்தர்கள். சட்டம் தபால் விற்பனையை நிறுத்தியது, கடைக்காரர்களுக்கு உரிமம் கட்டாயமாக்கியது, எல்லாம் சரி. ஆனால் துப்பாக்கி என்னும் பொருளையே உள்ளே விடுவதா வேண்டாமா என்ற கேள்வியை வெளிநாட்டுத் துப்பாக்கியிடம் மட்டும்தான் கேட்டது. போர்க்கழிவு என்றால் கிடையாது. மற்றவை ‘விளையாட்டுக் காரியத்துக்கு’ ஏற்றவை என்று நிரூபித்தால் வரலாம். உள்ளூரில் பிறந்தவருக்கு இந்தத் தேர்வே இல்லை.

சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய செனட்டர் தாமஸ் டாட். அவர் கனெக்டிகட் மாநிலத்தவர். நான் உள்நோக்கம் எதுவும் கற்பிக்கவில்லை. முகவரியை மட்டும் சொல்கிறேன்.

கைத்துப்பாக்கிகள் கவனத்துக்கு: சாப்பிட்டு உடம்பைத் தேற்றுங்கள்

உங்களுக்கு ‘படிவம் 4590’ என்று ஒரு மதிப்பெண் அட்டை உண்டு. பிஸ்டல் என்றால் தேர்ச்சிக்கு 75, ரிவால்வர் என்றால் 45. பிஸ்டலுக்கு முதலில் உடற்தகுதி: நீளம் 6 அங்குலம், உயரம் 4 அங்குலம், இரண்டையும் கூட்டினால் 10 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது மார்பை அளப்பார்களே, அந்த மாதிரி அளந்துவிடுவார்கள். பிறகு எடை. ஒரு அவுன்ஸுக்கு ஒரு மதிப்பெண். ஒல்லியாக இருந்தால் கஷ்டம்தான்.

அடுத்தது தோட்டாவின் பருமன். 0.25 அங்குலப் பொடித் தோட்டா போடுகிறவருக்குப் பூஜ்யம். 9 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் போடுகிறவருக்கு 10. இந்த வரியைத் திரும்பப் படியுங்கள், அச்சுப்பிழை இல்லை. பெரிய ஓட்டை போடுகிறவருக்குத்தான் மதிப்பெண் கூடுதல். சட்டைப்பையில் ஒளிந்துகொள்ளும் மலிவுச் சரக்கை, ‘சாட்டர்டே நைட் ஸ்பெஷல்’ என்று அவர்கள் இளக்காரமாகச் சொல்லும் ஏழைவீட்டுத் துப்பாக்கியை, வடிகட்டப் போட்ட கணக்கு இது. குட்டையாக, மலிவாக இருப்பதுதான் குற்றம்.

ஜெர்மனியின் வால்தர் பி.பி.கே.யை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஜேம்ஸ் பாண்டின் இடுப்பிலேயே வாழ்ந்தவர். திரையில் உலகத்தையே பலமுறை காப்பாற்றியவர். அவருக்கே விசா கிடைக்கவில்லை, அளவு போதவில்லை. வால்தர்காரர்கள் என்ன செய்தார்கள்? பி.பி.கே.யின் மேலுடம்பை எடுத்து, அவருடைய அண்ணன் பி.பி.யின் சற்று உயரமான கீழுடம்பில் பொருத்தி, பி.பி.கே./எஸ் என்று புதுப் பெயர் சூட்டி அனுப்பினார்கள். உயரம் கூடியதில் வயிறும் கொஞ்சம் பெரிதாகி, ஆறு தோட்டாவுக்குப் பதில் ஏழு பிடித்தது. பொதுமக்கள் பாதுகாப்புக்கான சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததால் கிடைத்த போனஸ் அந்த ஒரு தோட்டா.

உடம்பு தேறவில்லை என்றால் அலங்காரம் உண்டு. ஆஸ்திரியாவின் கிளாக் வீட்டுச் சிறுசுகள் அதில் கெட்டிக்காரர்கள். இலக்குப் பயிற்சிக்கான விசை என்றால் 2 மதிப்பெண். விசையில் வரிவரியாகக் கோடு போட்டுக்கொண்டார்கள். திருகித் திருகிச் சரிசெய்யும் குறிநோக்கி என்றால் 10. அதையும் மாட்டிக்கொண்டு வந்தார்கள். குடியேற்றம் முடிந்ததும் அந்தக் குறிநோக்கியைக் கழற்றிவிட்டு சாதாரணமானதை மாட்டி விற்றார்கள். கோட்டும் டையும் நேர்காணல் வாசல் வரைக்கும்தான்.

இதெல்லாம் முடியாதென்றால் ஒரே வழி, பிரசவத்துக்கு அங்கே போய்விடுவது. குழந்தை அமெரிக்க மண்ணில் பிறந்தால் படிவம் 4590 அதைத் தொடாது. பாண்டின் பி.பி.கே. 1980களில் அலபாமா மாநிலத்தில் பிறக்க ஆரம்பித்தார். அதே குட்டை உயரம், அதே எடை, யாரும் டேப் எடுத்து அளக்கவில்லை. கிளாக் வீட்டில் 0.380 தோட்டா போடும் பிள்ளைகள் ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்கக் கடைகளுக்கு வர முடியாமல் எத்தனையோ காலம் தவித்தார்கள். 2014இல் கிளாக் 42 என்ற பிள்ளையை ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்மர்னாவில் பெற்றார்கள். தவிப்பு தீர்ந்தது.

பிரசவச் செலவு கட்டுப்படியாகாதா? 1986 வரை முழு உடலாக வராமல் உறுப்புகளாகவும் வர முடிந்தது. அதுவரை சட்டம் முழுத் துப்பாக்கிக்குத்தான் கதவைச் சாத்தியிருந்தது. ஜெர்மனியின் ரோம் கம்பெனி, மலிவு ரிவால்வர்களின் பாகங்களை மயாமிக்கு அனுப்பி, அங்கே ஆர்.ஜி. இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் கடைவிரித்துக் கோத்து விற்றது. அந்த வழியில் குடியேறிய ஆர்.ஜி.-14 ஒன்றுதான் 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டன் ஓட்டல் வாசலில் ஜனாதிபதி ரீகனையும் மற்ற மூவரையும் சுட்டது. லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி, வெளிநாட்டு மலிவுச் சரக்கு நின்றுபோன இடத்தை நிரப்ப உள்ளூர் மலிவுக் கம்பெனிகள் வட்டமாக முளைத்தன. அந்தக் கம்பெனிகளுக்கு ‘நெருப்பு வளையம்’ என்றே பெயர். ஏழைவீட்டுத் துப்பாக்கியை ஒழிக்கப்போய், அதற்குக் குடியுரிமை வாங்கிக்கொடுத்ததுதான் மிச்சம்.

ரைஃபிள்கள் கவனத்துக்கு: உடையில் கவனம்

1989 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஒருவன் ஆரம்பப் பள்ளியின் விளையாட்டு மைதானத்தில் குழந்தைகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். எல்லோரும் கம்போடியா, வியட்நாம் போர்களிலிருந்து தப்பி வந்த அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள். இந்த இடத்தில் எனக்கும் கிண்டல் வரவில்லை.

அவன் கையில் இருந்தது சீனத்தில் செய்த ஏ.கே. வகை ரைஃபிள். ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், அதாவது அப்பா புஷ், அமெரிக்கத் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர். அப்படிப்பட்டவரும் அசைந்துகொடுத்தார். ஆனால் எந்தப் பக்கம் அசைந்தார் என்று பாருங்கள். 1989 ஜூலையில் 43 வகை ரைஃபிள்களின் இறக்குமதி நிரந்தரமாகத் தடைசெய்யப்பட்டது. அதே வேலையைச் செய்யும் உள்ளூர் ஏ.ஆர்.-15ஐத் தொடவில்லை. ‘விளையாட்டுக் காரியம்’ என்ற 1968ஆம் ஆண்டு வாசகத்தைத் தூசிதட்டி எடுத்தால் போதும், காங்கிரஸைக் கேட்க வேண்டியதில்லை. அந்த வாசகம் வெளிநாட்டவரைத்தானே கட்டுப்படுத்துகிறது.

விளையாட்டு என்றால் எது? வேட்டை விளையாட்டு. ஒழுங்குபடுத்தப்பட்ட இலக்குப் போட்டி விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலி டப்பாவை வரிசையாக வைத்துச் சுடுவது வெறும் பொழுதுபோக்கு, அதற்கு விசா இல்லை. இந்த வித்தியாசத்தை அரசாங்கம் அறிக்கை போட்டு விளக்கியிருக்கிறது. அவர்கள் கோயில்மாதிரி கும்பிடும் அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தமோ வேட்டையைப் பற்றியும் விளையாட்டைப் பற்றியும் வாயே திறக்கவில்லை.

எப்படி அடையாளம் கண்டார்கள் என்பது உங்களுக்கு முக்கியம். மடக்கும் பின்கட்டை, தனியாகத் துருத்தும் கைப்பிடி, பாயனெட் மாட்டும் கொக்கி, குழல் முனையில் தீச்சுடர் மறைப்பான் போன்றவை இருந்தால் நீங்கள் போர்வீரர். இல்லாவிட்டால் விளையாட்டு வீரர். சீன நோரின்கோ கம்பெனிக்கு இது புரிய அதிக நாள் ஆகவில்லை. பாயனெட் கொக்கியைச் சீவிவிட்டு, கைப்பிடியைப் பின்கட்டையோடு ஒரே மரமாக இணைத்து, நடுவில் கட்டைவிரல் நுழைய ஒரு துளை போட்டார்கள். பெயர் மேக்-90, ‘மாற்றியமைத்த ஏ.கே., 1990’ என்பதன் சுருக்கம். மாற்றியமைத்தோம் என்று பெயரிலேயே ஒப்புக்கொண்டு உள்ளே வந்த ஒரே குடியேறி அவராகத்தான் இருப்பார். குழல் அதே, தோட்டா அதே, வேகம் அதே.

கட்டைவிரல் துளையின் சூட்சுமம் அரசாங்கத்துக்குப் புரிபட நாளாயிற்று. 1998 ஏப்ரலில் கிளின்டன் அரசு, அதிகத் தோட்டா பிடிக்கும் ராணுவ மேகசினை ஏற்கும் ரைஃபிள் எந்த உடையில் வந்தாலும் கிடையாது என்று சொல்லி இன்னும் 58 வகைகளைத் திருப்பி அனுப்பியது. நடுவில் 1994இலிருந்து பத்து ஆண்டு உள்ளூர்க்காரர்களுக்கும் இதேபோல் ஒரு தடை இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2004இல் அது காலாவதியாயிற்று, புதுப்பிக்க ஆளில்லை. நமக்கான தடைக்குக் காலாவதித் தேதியே எழுதவில்லை.

இப்போது உங்களுக்கு இருக்கும் வழி உறுப்பு மாற்றுச் சிகிச்சை. தடைசெய்யப்பட்ட வகை ரைஃபிளை அந்நிய பாகங்களைக் கோத்து அங்கே உருவாக்கினாலும் குற்றம் என்று 1990இல் சட்டம் போட்டார்கள். எத்தனை பாகம் இருந்தால் அந்நியர் என்று கேள்வி வந்ததும், விதிப்புத்தகத்தில் 20 பாகங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் 10க்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு கூடாது என்று கோடு கிழித்தார்கள். 11 இருந்தால் ஆபத்தானவர், 10 இருந்தால் அண்டைவீட்டுக்காரர். ருமேனியாவில் பிறந்தவர்கள் பத்துத் தோட்டா மேகசினோடு பரம சாதுவாக வந்திறங்கி, அங்கே அமெரிக்க விசை, அமெரிக்கக் கைப்பிடி என்று மாற்றிக்கொண்டு, பெரிய மேகசினுக்கு வாயையும் அகலப்படுத்திக்கொண்டு கடைக்குப் போகிறார்கள்.

மேகசின் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. அதன் கூடு, உள்ளே தோட்டாவைத் தள்ளும் தகடு, அடித்தகடு, இவை மூன்றும் தனித்தனிப் பாகங்களாகக் கணக்கில் வரும். அமெரிக்க பிளாஸ்டிக் மேகசினை மாட்டியிருக்கும்வரை நீங்கள் உத்தமர். உங்கள் உரிமையாளர் ஆசைப்பட்டு அதைக் கழற்றிவிட்டு ஒரு பல்கேரிய மேகசினைச் செருகினால், அந்த நொடியில் எண்ணிக்கை பத்தைத் தாண்டி நீங்கள் சட்டவிரோதி ஆகிவிடக்கூடும். திரும்பக் கழற்றினால் மறுபடி உத்தமர்.

பிறந்த ஊர்

மேலே சொன்ன எல்லாத் தகுதியும் இருந்து, பிறந்த ஊர் சரியில்லை என்றால் கோப்பு மேசையைத் தாண்டாது. விதிப்புத்தகத்தில் விலக்கப்பட்ட நாடுகளின் பட்டியல் இருக்கிறது: கியூபா, ஈரான், வடகொரியா, சிரியா, சீனம். எதிர்பார்த்த பெயர்கள்தான். மங்கோலியாவும் இருக்கிறது. மங்கோலியத் துப்பாக்கி அமெரிக்காவுக்கு என்ன செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள். பனிப்போர்க் காலத்தில் உள்ளே போன பெயர், வெளியே எடுக்க யாருக்கும் நேரமில்லை போலிருக்கிறது.

சீனத்துக்காரர்கள் நிலை பரிதாபம். 1994 மே மாதம், சீனத்துக்கு வர்த்தகச் சலுகையைப் புதுப்பிப்பதா, மனித உரிமை மீறலைக் காட்டி மறுப்பதா என்று கிளின்டன் முடிவெடுக்க வேண்டியிருந்தது. சலுகையைப் புதுப்பித்தார். மனித உரிமைக்கு எதையாவது செய்தாக வேண்டுமே. சீனத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தடை போட்டார். சட்டை, செருப்பு, பொம்மை, டிவி எல்லாம் கப்பலேறின. தியானன்மென் சதுக்கப் படுகொலைக்கு நீங்கள் மட்டும் பரிகாரம் செய்தீர்கள். இரண்டு ஆண்டு கழித்து உங்கள் சொந்தக்காரர்கள் சிலர், 2,000 தானியங்கி ஏ.கே. ரைஃபிள்களை கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் துறைமுகம் வழியாகத் திருட்டுத்தனமாக இறக்கி, மாறுவேடத்தில் இருந்த அதிகாரிகளிடமே விற்று மாட்டிக்கொண்டார்கள். நற்சான்றிதழ் வாங்கும் வாய்ப்பு அதோடு போயிற்று.

ஆனாலும் வேட்டைக்கான ஷாட்கன் என்றால் சீனத்தில் பிறந்திருந்தாலும் வரலாம். அமெரிக்காவின் புகழ்பெற்ற ரெமிங்டன் 870ஐ அச்சு அசலாக நகலெடுத்து நோரின்கோ செய்த ஷாட்கன் அங்கே ‘பார்ட்னர்’ என்ற பெயரில் விற்றது. விற்ற கம்பெனி பிற்பாடு ரெமிங்டன் கைக்கே போனது. தன் பிள்ளையின் சீனப் பிரதியைத் தானே தத்தெடுத்து வளர்த்த வீடு அது.

ரஷ்யர்களுக்கு 1996இல் ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தார்கள், பட்டியலில் பெயர் இருப்பவர் மட்டும் வரலாம் என்று. 2014 ஜூலையில், உக்ரைன் விவகாரத்துக்காக கலாஷ்னிகோவ் நிறுவனமே கறுப்புப் பட்டியலுக்குப் போனது. அன்று அமெரிக்கக் கடைகளில் என்ன நடந்தது தெரியுமா? கடைசி ரஷ்யன் விற்றுத்தீருமுன் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று கூட்டம். ஏற்கெனவே வாங்கியது உங்களிடமே இருக்கலாம், பயப்பட வேண்டாம் என்று நிதித்துறை தனியாக விளக்கம் கொடுத்தது. ரஷ்யக் கலாஷ்னிகோவை அங்கே விற்றுக்கொண்டிருந்த அமெரிக்கக் கம்பெனி, அதே பெயரில் உள்ளூரிலேயே தயாரிக்கத் தொடங்கி ஃப்ளோரிடாவில் குடியேறியது. முன்பு சொன்ன பிரசவ வழிதான்.

2021 ஆகஸ்டில், அலெக்சி நவால்னிக்கு நோவிச்சோக் விஷம் வைத்ததற்குத் தண்டனையாக ரஷ்யத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் புது அனுமதி கிடையாது என்று வெளியுறவுத் துறை அறிவித்தது. விஷம் வைத்தது யாரோ, விசா மறுக்கப்பட்டது தூலா ஆலையின் மலிவுத் தோட்டாவுக்கு. ஏற்கெனவே வாங்கிய அனுமதி காலாவதியாகும்வரை கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

மூத்த குடிமக்கள்

ஐம்பது வயது தாண்டிவிட்டீர்களா? வாழ்த்துகள். நீங்கள் இனி ஆயுதம் அல்ல, ‘அரும்பொருள்’. 1984இல் சட்டத்தைத் திருத்தியபின் போர்க்களத்தில் வாழ்ந்த கிழவர்களும் வரலாம். விலக்கப்பட்ட நாட்டில் பிறந்த கிழவர் என்றால், அங்கிருந்து கிளம்பி வேறொரு நல்ல நாட்டில் தொடர்ந்து ஐந்து ஆண்டு வசித்திருக்க வேண்டும். கிடங்கில் இருட்டில் சும்மா கிடந்தாலும் அது வசிப்புதான். ஐந்தாண்டில் பாவம் கழிந்துவிடும்.

நம் நாட்டவரும் போயிருக்கிறார்கள். வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் 1960களில் பிறந்த 2ஏ-1 ரைஃபிள்கள் இந்திய ராணுவத்தில் ஓய்வுபெற்றபின் அமெரிக்கக் கடைகளில் மலிவாக விற்கப்பட்டன. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய பழைய ஜாதி, பார்ப்பதற்கும் பரமசாது.

கிழவர்களிலேயே மனசு நொந்தவர்கள் கொரியாவுக்குப் போன கேரண்ட் ரைஃபிள்கள். மாசசூசெட்ஸிலும் கனெக்டிகட்டிலும் பிறந்து, கொரியப் போருக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே தங்கிப்போனவர்கள். சுமார் 87,000 பேரைத் தாய்நாட்டுக்கே விற்றுவிடலாம் என்று தென்கொரியா 2009இல் ஆசைப்பட்டது. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2013 ஆகஸ்டில், அமெரிக்கா வெளியே கொடுத்த ராணுவத் துப்பாக்கிகளைத் தனியார் திரும்பக் கொண்டுவர இனி அனுமதி இல்லை, அருங்காட்சியகம் போன்ற சில இடங்கள் மட்டும் விலக்கு என்று ஒபாமா அரசு சொல்லிவிட்டது. பிறப்புச் சான்றிதழைக் காட்டினாலும் பலிக்காத ஒரே விண்ணப்பம் இதுதான்.

வாசகர் கேள்விகள்

*திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையில் பிறந்தவன். ஆசை இருக்கிறது. முடியுமா?*

தம்பி, உங்கள் முகஜாடை ஏ.கே. குடும்பத்துடையது. 1989லேயே கதவு சாத்தியாயிற்று. ஊர் நல்ல ஊர்தான், முகம்தான் பிரச்சினை.

*போன பிறகு தடை வந்தால் நாடுகடத்துவார்களா?*

மாட்டார்கள். மத்திய அரசின் இறக்குமதித் தடை எதுவும் உள்ளே இருப்பவரை வெளியே போகச் சொன்னதில்லை. மாறாக உங்கள் விலை ஏறும். தொண்ணூறுகளில் அள்ளிக்கொடுத்த சீன எஸ்.கே.எஸ். ரைஃபிளுக்கு இன்று பல மடங்கு விலை சொல்கிறார்கள். தடை வரும் என்று வதந்தி கிளம்பும் மாதத்தில் போய்ச் சேர்வது உத்தமம்.

*அமெரிக்காவில் சில காலம் இருந்துவிட்டு மெக்சிகோ போய் செட்டில் ஆகலாமா?*

அது கடத்தல், குற்றம். எங்கள் அலுவலகம் அதில் உதவாது. ஆனால் 2014 முதல் 2018 வரை மெக்சிகோவில் பிடிபட்டு, பூர்விகம் விசாரிக்கச் சொல்லி அமெரிக்காவுக்கு விவரம் அனுப்பப்பட்ட துப்பாக்கிகளில் சுமார் 70 சதவீதம் அமெரிக்காவில் செய்யப்பட்டவை, அல்லது அங்கே முறைப்படி விசா வாங்கி இறங்கியவை. உறுப்பு மாற்றுச் சிகிச்சை முடிந்த ருமேனியர்களுக்கு அங்கே நல்ல கிராக்கி என்று கேள்வி. உயரம், எடை, உடை, பாகங்களின் எண்ணிக்கை என்று எதையும் அந்தப் பாதையில் யாரும் கேட்பதில்லையாம். படிவம் கேட்டு எங்களிடமும் இதுவரை ஒருவரும் வரவில்லை.